ஓக்ரகோக் தீவோடு திரும்பிவிடாதீர்கள்: வட கரோலினாவின் ஹைட் கவுண்டி (அனுபவப் பகிர்வு)

கேரிவாசி:

ராலி, கேரி பக்கம் இருக்கும் நம்மவர்களிடம் ஹைட் கவுண்டி (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) என்று சொன்னால் முழிப்பார்கள். ஓக்ரகோக் என்றால் மட்டும் உடனே, "ஆமா, ஃபெர்ரியில காரை ஏத்திக்கிட்டுப் போனோமே!" என்பார்கள். அந்தத் தீவு ஹைட் கவுண்டியைச் சேர்ந்ததுதான். ஆனால் பக்கத்துத் தீவான ஹேட்டரஸ் வழியாகப் போய் அதே வழியில் திரும்பினால் கவுண்டியின் பெரும்பகுதியைப் பார்க்காமலே வந்துவிடுவோம். என்னைக் கேட்டால் கதையெல்லாம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. போனவர்கள் எழுதுங்கள், முதலில் நான் ஆரம்பிக்கிறேன்.

கவுண்டி இரண்டு துண்டு. நடுவில் பாம்லிகோ சவுண்ட் என்ற பரந்த உப்பங்கழி. இக்கரையில் தலைமையிடமான ஸ்வான் குவார்ட்டர், அக்கரையில் தீவு. ஃபெர்ரியில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 1845 வரை கார்ட்டரெட் கவுண்டியில் இருந்த தீவை அப்புறம் இங்கே சேர்த்தார்கள். நீதிமன்றம் ஸ்வான் குவார்ட்டரில் இருப்பதால், தீவுக்காரருக்கு ஜூரி அழைப்பு வந்தால் தண்ணீர் தாண்டித்தான் வர வேண்டும். கவுண்டியின் மொத்தப் பரப்பில் பாதிக்கு மேல் தண்ணீர். 2020 கணக்கெடுப்பில் மொத்தமே 4,589 பேர். கேரியில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டினாலே அதைத் தாண்டிவிடும்.

போவதற்கு நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நல்ல காலம். 264-ம் எண் சாலையில் கிரீன்வில், வாஷிங்டன் (தலைநகர் இல்லை, பாம்லிகோ ஆற்றங்கரைச் சிற்றூர்), பெல்ஹேவன் தாண்டியதும் நிலம் பலகை போட்டதுபோலத் தட்டையாகிவிடும். சாலை ஓரமாகவே கரிய தண்ணீர் நிற்கும் வாய்க்கால்கள், அதற்கு அப்பால் சோயா, சோளம், பருத்தி. சில இடங்களில் இலையே இல்லாமல் வெளுத்துப்போன மரங்கள் கூட்டமாக நிற்கும். தீப்பிடித்த காடு என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் அவை உப்புநீர் ஏறிச் செத்தவை. கடல் மட்டம் உயர உயர, வயலுக்காக வெட்டிய வாய்க்கால்கள் வழியாகவே உப்பு உள்ளே வருகிறது.

அங்கிருந்து மாட்டமஸ்கீட் ஏரிக்கு வாருங்கள். சுமார் 40,000 ஏக்கர். வட கரோலினாவின் இயற்கை ஏரிகளில் இதுதான் பெரியது. நீளம் 18 மைல், ஆழமோ பெரும்பாலான இடங்களில் இரண்டு மூன்று அடிதான். இவ்வளவு கொஞ்சம் தண்ணீரைப் பார்த்ததும் மனிதனுக்கு ஆசை வராமல் இருக்குமா? இறைத்து வெளியே விட்டால் அடியில் கரிசல் நிலம்! சிக்கல் என்னவென்றால் ஏரியின் தரை கடல் மட்டத்தைவிடத் தாழ்வு. வாய்க்கால் வெட்டினால் மட்டும் தண்ணீர் வடியாது, தூக்கித்தான் விட வேண்டும். அதனால் 1915 வாக்கில் நிலக்கரியில் ஓடும் பெரிய நீரேற்று நிலையம் ஒன்றைக் கட்டினார்கள். அந்தக் காலத்தில் உலகிலேயே பெரியவற்றில் ஒன்று. ஏரித் தரையில் நியூ ஹாலந்து என்று ஒரு ஊரையே உருவாக்கினார்கள். நெதர்லாந்துக்காரர்கள் கடலை வற்றவைத்தார்களே, அந்த நினைப்பில் வைத்த பெயர். தங்கும் விடுதி, ரயில் பாதை, வயல் என்று எல்லாம் வந்தது. ஒரு கம்பெனி கைவிட, இன்னொன்று வாங்க, கடைசியாக நியூயார்க் பணக்காரர் ஆகஸ்ட் ஹெக்ஷர் 1920-களில் முயன்று பார்த்தார். விளைச்சல் நன்றாகவே இருந்த ஆண்டுகளும் உண்டு. மழை வலுத்தால் வயல் மூழ்கும், மறுபடி இறைக்க வேண்டும், காசு கரையும். 1930-களின் தொடக்கத்தில் பம்புகளை நிறுத்தினார்கள். ஏரி தன்னால் நிரம்பிவிட்டது.

1934-ல் மத்திய அரசு வாங்கிப் பறவைகள் சரணாலயமாக்கியது. பொருளாதார மந்தக் காலத்தில் அரசு வேலைத் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள் அந்த நீரேற்று நிலையத்தை வேட்டைக்காரர்கள் தங்கும் விடுதியாக மாற்றினார்கள். நூறு அடிக்கு மேல் உயரமான புகைபோக்கிக்குள் படிக்கட்டு வைத்து, பறவை பார்க்கும் கோபுரம் ஆக்கிவிட்டார்கள். இன்றும் நிற்கிறது. கட்டடம் பழுதாகி 2000-த்திலிருந்து மூடிக் கிடப்பதால் வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது.

குளிர்காலத்தில் ஆர்க்டிக் பக்கமிருந்து டன்ட்ரா அன்னங்கள் ஆயிரக்கணக்கில் இந்த ஏரிக்கு வரும். 94-ம் எண் சாலை ஏரியின் குறுக்கே போகிறது. விடிகாலையில் அங்கே காரை ஓரங்கட்டிக் கண்ணாடியை இறக்கினோம். காதே அடைத்துவிடும் போன்ற இரைச்சல். அன்னம் என்றால் அமைதியாக நீந்தும் என்ற நம் நினைப்பெல்லாம் அங்கே எடுபடாது. கழுத்தை நீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கிக்கொண்டு சேற்றைக் கிளறும். நிமிரும்போது தலையும் கழுத்தும் துருப்பிடித்த நிறத்தில் இருக்கும். சாம்பல் நிறத்தில் இருப்பவை அந்த ஆண்டுக் குஞ்சுகள், அப்பா அம்மாவை விட்டு நகர்வதில்லை.

கவலை தரும் விஷயமும் உண்டு. அன்னங்கள் தின்னும் நீரடிப் புல் 2010-களில் ஏறக்குறைய முழுவதுமாக அழிந்துவிட்டது. வயல் உரம் கலந்து பாசி பெருகி, வெயில் அடிவரை போகாமல் தண்ணீர் கலங்கிவிட்டது. போதாததற்குக் கெண்டை இனத்து வெளிநாட்டு மீன்கள் வேறு அடியைக் கிளறுகின்றன. இப்போது பறவைகள் பகலில் சுற்றியுள்ள வயல்களில் அறுவடைக்குப் பின் கிடக்கும் தானியத்தைத் தின்னப் போகின்றன.

கிரீன்வில் ராஜா:

அருமை அண்ணா. ஏரியைப் பற்றிச் சொன்னீர்கள், அந்த ஊரின் பள்ளிக்கூடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

வேலை விஷயமாக அந்தப் பக்கம் அடிக்கடி போவேன். ஒரு சனிக்கிழமை, தேவாலயம் ஒன்றின் வாசலில் மீன் பொரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். சாப்பிட உட்கார்ந்தபோது பக்கத்தில் ஒரு கறுப்பினப் பாட்டி. எந்த ஊர், என்ன வேலை, கல்யாணம் ஆச்சா என்று நம் ஊர்ப் பாட்டிகள் கேட்கும் வரிசையிலேயே கேட்டார். நானும் பதிலுக்கு எங்கே படித்தீர்கள் என்றேன். "அந்த வருஷம் எங்கேயும் படிக்கவில்லை" என்று சிரித்தார்.

அவர் சொன்ன வருஷம் 1968. வெள்ளையர், கறுப்பர் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவைக்க வேண்டும் என்று அரசு நெருக்கியது. கவுண்டி பள்ளி வாரியம் என்ன செய்தது தெரியுமா? கறுப்பினத்தவர் வளர்த்தெடுத்த ஓ. ஏ. பீ, டேவிஸ் என்ற இரண்டு பள்ளிகளையும் மூடிவிட்டு, பிள்ளைகளை எல்லாம் வெள்ளையர் படித்த மாட்டமஸ்கீட் பள்ளிக்கு அனுப்புவதாகத் திட்டம் போட்டது. தென் மாநிலங்களில் பல இடங்களில் இப்படித்தான் நடந்தது. பள்ளி போனால் தலைமையாசிரியர் போவார், பள்ளியின் பெயர், சுவரில் மாட்டிய படங்கள், கோப்பைகள் எல்லாம் போகும். பெற்றோர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சேர்ந்து படிப்பதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. எங்கள் பள்ளியை ஏன் மூடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. 1968-69 கல்வியாண்டு முழுக்கப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.

மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பைச் சேர்ந்த கோல்டன் ஃபிரிங்க்ஸ் வந்து உடன் நின்றார். ஸ்வான் குவார்ட்டரில் ஊர்வலங்கள், கைதுகள், அப்புறம் தலைநகர் ராலி வரை நடைப்பயணம். பாட்டியும் நடந்திருக்கிறார். "கால் கொப்பளம்தான் ஞாபகம் இருக்கு, பேச்சு எதுவும் ஞாபகம் இல்லை" என்றார். தேவாலயங்களில் வைத்துப் பாடம் நடத்தியதால் எழுத்து மறக்கவில்லையாம்.

கடைசியில் 1969 நவம்பரில், மாட்டமஸ்கீட் பள்ளியை விரிவாக்கக் கடன் திரட்டலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். இடம் போதாது என்றானபின் இரண்டு பள்ளிகளையும் மூட முடியவில்லை. எல்லா இனப் பிள்ளைகளும் அங்கேயும் சேர்ந்து படித்தார்கள். இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு வருஷம் முழுக்கத் தாக்குப்பிடித்தது சாமானியமான விஷயமா? ஆனால் சாலையில் போகிறவனுக்கு இது எதுவும் தெரியாது.

நண்டுப்பிரியர்:

ஸ்வான் குவார்ட்டர் போனால் மீன்துறைப் பக்கம் எட்டிப்பாருங்கள். நீல நண்டு வரும் இடம். வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை வேலை நடக்கும். நண்டை ஆவியில் வேகவைத்து, ஆறியபின் பெண்கள் நீள மேசையில் வரிசையாக உட்கார்ந்து சதையெடுக்கிறார்கள். ஓட்டைப் பிரித்து, கால்களை ஒரே வெட்டில் நறுக்கி, சின்னக் கத்தியின் நுனியால் பின்கால் பக்கத்துப் பெரிய சதையை உடையாமல் எடுக்க வேண்டும், அதற்குத்தான் விலை அதிகம். எடையைப் பொறுத்துக் கூலி.

ஒரு காலத்தில் உள்ளூர்க் கறுப்பினப் பெண்கள் செய்த வேலை. இப்போது பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து பருவகால விசாவில் வருகிறார்கள். வெளியே இடைவேளையில் நின்ற ஒரு அம்மாவிடம் கைபேசி மொழிபெயர்ப்பை வைத்துப் பேசினேன். பிள்ளைகள் ஊரில் பாட்டியிடம் வளர்கிறார்களாம், குளிர் தொடங்கும்போது திரும்பிவிடுவாராம். ஐ.டி. விசாவில் வந்து உட்கார்ந்துகொண்டு ஊரைப் பற்றிப் புலம்பும் நமக்கு அவர் முன்னால் பேச்சு வரவில்லை. குழம்பு வைக்க ஓட்டோடு முழு நண்டு வேண்டும் என்று சொன்னேன், சதையை மட்டும் வாங்காமல் இந்த ஆள் ஏன் கஷ்டப்படுகிறான் என்பதுபோலப் பார்த்தார்.

வரலாற்று வாத்தியார்:

ஒரு சின்னச் சேர்க்கை. ஏரியைச் சுற்றி வாழ்ந்தவர்கள் அல்கான்கியன் மொழி பேசிய பூர்வகுடிகள். 1585-ல் வந்த ஆங்கிலேயர் குழுவில் இருந்த ஜான் வைட், பொமேயாக் என்ற அவர்களின் கிராமத்தை வேலி, வீடு, நடுவில் நெருப்பு என்று வரைந்துவைத்தார். அந்த ஓவியங்கள் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படம் லண்டனில் பத்திரமாக இருக்கிறது, நிலம் கைமாறிப் போய்விட்டது.

ஸ்வான் குவார்ட்டரில் 'கடவுள் நகர்த்திய தேவாலயம்' ஒன்றும் உண்டு. மெதடிஸ்ட் சபையார் கேட்ட மனையைச் சொந்தக்காரர் தர மறுத்துவிட்டார். வேறிடத்தில் கட்டி 1876 செப்டம்பரில் திறந்தார்கள். உடனே வந்த புயல்வெள்ளம் மரக்கட்டடத்தை அப்படியே மிதக்கவிட்டு, தெருவில் திருப்பமெல்லாம் திருப்பி, அவர்கள் முதலில் கேட்ட மனையிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டது. சொந்தக்காரர் மனையை எழுதிக்கொடுத்துவிட்டார். வேறென்ன செய்வார், பாவம்!

மீனா அக்கா:

எல்லாரும் சேர்ந்து எங்கள் தீவை ஓரங்கட்டுகிறீர்களே! கடற்கரையைப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்புகிறவர்களுக்கும் ஓக்ரகோக் தெரியாதுதான்.

1718 நவம்பர் 22-ல் பிளாக்பியர்ட் என்ற கொள்ளைக்காரனை இந்தத் தீவின் அருகே பிரிட்டிஷ் கடற்படை லெப்டினன்ட் மேனார்டின் ஆட்கள் கொன்றார்கள். அவன் முகத்தைப் போட்டு டீ ஷர்ட்டிலிருந்து கோப்பை வரை விற்கிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது. அதைவிட, ஊருக்குள் மர நிழலில் வெள்ளை வேலி போட்ட ஒரு சின்ன மயானம் இருக்கிறது. 1942 மே மாதம் பெட்ஃபோர்ட்ஷையர் என்ற பிரிட்டிஷ் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கரை ஒதுங்கிய நான்கு உடல்களைத் தீவுக்காரர்களே அடக்கம் செய்தார்கள். இன்றும் பிரிட்டிஷ் கொடி பறக்கிறது, ஆண்டுதோறும் மே மாதம் அஞ்சலி நடக்கிறது.

2019 செப்டம்பர் 6-ல் டோரியன் புயல். காற்று பெரிதில்லை, சவுண்டிலிருந்து தண்ணீர் திரும்பி வந்ததுதான் ஊரை முழுக்கியது. நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மா கதவு நிலையில் பென்சிலால் போட்ட கோடுகளைக் காட்டினார். ஒவ்வொரு புயலுக்கும் ஒரு கோடு, பக்கத்தில் ஆண்டு. டோரியன் கோடு மற்ற எல்லாவற்றுக்கும் மேலே, என் தோள் உயரத்தில் இருந்தது. கார்கள், ஃபிரிட்ஜ்கள், பள்ளிக்கூடம் எல்லாம் நாசம். "ஏன் இங்கேயே இருக்கிறீர்கள்?" என்று வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்களாம். வெளியூர்க்காரர்களுக்கு அங்கே 'டிங்பேட்டர்' என்று பெயர். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார், கையில் அத்திப்பழக் கேக்கைக் கொடுத்துக்கொண்டே. வீட்டுக்கு வீடு அத்தி மரம், கேக்கில் மோரும் மசாலா வாசனையும். மறக்காமல் சாப்பிடுங்கள்.

புதியவர்:

குழந்தைகளோடு போகலாமா? ஒரே நாளில் இரண்டு பக்கமும் முடியுமா?

கேரிவாசி:

தாராளமாகப் போகலாம், ஒரே நாளில் மட்டும் வேண்டாம். முதல் நாள் ஏரி, ராத்திரி ஸ்வான் குவார்ட்டர் பக்கம் தங்கல், மறுநாள் ஃபெர்ரி. அங்கிருந்து போகும் ஃபெர்ரிக்குக் கட்டணம் உண்டு, முன்பதிவு செய்துகொள்ளுங்கள். திரும்பும்போது ஹேட்டரஸ் பக்கம் வந்தால் கார் ஃபெர்ரி இலவசம், முன்பதிவு கிடையாது, கோடையில் வரிசையில் காத்திருக்க வேண்டும். பெல்ஹேவனிலேயே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். சைவக்காரர்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு போவது உத்தமம். கோடையில் ஏரிப்பக்கம் கொசு பிடுங்கி எடுத்துவிடும்.

மீனா அக்கா, தீவை ஓரங்கட்டவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பென்சில் கோட்டுக் கதையைக் கேட்டபிறகு மறுபடி போக வேண்டும் போலிருக்கிறது.

இன்னொன்று: இந்தப் பகுதியில்தான் 1987-லிருந்து செந்நிற ஓநாய்களைக் காட்டில் விட்டு வளர்க்கிறார்கள். உலகில் இவை காட்டில் வாழும் ஒரே வட்டாரம் இது. யாராவது நேரில் பார்த்திருந்தால் எழுதுங்கள். கரடி கணக்கில் வராது, அது சோயா வயலில் எங்களுக்கே தரிசனம் கொடுத்துவிட்டது.