கலைச்சொல் வேண்டல்: 'மைக்ரோஆல்புமினூரியா'வைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

கொழிஞ்சாம்பாறை, ஆய்வக நுட்பர்:

அனைவருக்கும் வணக்கம்.

பாலக்காட்டின் கிழக்கோரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து ஆய்வகங்களுக்கு வரும் சர்க்கரைக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு துண்டுச்சீட்டு தயாராகிறது. மூத்திரத்தை எப்படிப் பிடிப்பது, எப்போது பிடிக்கக்கூடாது, வரும் எண்ணுக்கு என்ன பொருள் என்பதெல்லாம் அதில் இருக்கும். மலையாளப் பக்கம் முடிந்துவிட்டது. தமிழ்ப் பக்கம் 'மைக்ரோஆல்புமினூரியா' என்ற ஒற்றைச் சொல்லில் நிற்கிறது. ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் மூத்திரத்தில் சிறிதளவு போவதுதான் அது.

கையில் இருக்கும் முன்மொழிவுகள்: 'நுண்ணால்புமின் நீரிழிவு', 'நுண்வெண்புரதம்', 'சிறுநீர் ஆல்புமின் கசிவு'. முதலாவதை நானே தள்ளிவிடுகிறேன். நீரிழிவு என்றால் எல்லாருக்கும் சர்க்கரை நோய்தான். சர்க்கரைக்காரரிடம் போய் உங்களுக்கு இன்னொரு நீரிழிவும் இருக்கிறது என்று சீட்டு சொல்லக்கூடாது.

ஊர்ப்பேச்சில் இதற்கு 'உப்பு' என்று பெயர். கர்ப்பிணிகளுக்கு 'சுகர், உப்பு பாக்கணும்' என்பார்கள். அந்த உப்பு ஆல்புமின்தான். ஆனால் தசைக் கழிவான கிரியேட்டினின் கூடினாலும் 'உப்பு கூடிப்போச்சு' என்பதே வழக்கு. நம் சோதனையில் ஆல்புமினும் கிரியேட்டினினும் ஒரே வரியில் வருவதால் அந்தச் சொல்லைத் தொடவே முடியாது.

குப்பம், உயிர்வேதியியல் ஆசிரியர்:

தம்பி, சொல் தேடுவதற்கு முன்னால் மூலச்சொல்லே கோணல் என்பதைப் பார்த்துவிடலாம்.

1963இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் கீனும் க்ளூவராக்கிசும் மூத்திரத்தில் மிகக் குறைந்த அளவு ஆல்புமினை அளக்கும் நோயெதிர்ப்பொருள் முறையை வெளியிட்டார்கள். அதுவரை மூத்திரத்தில் முக்கி நிறம் பார்க்கும் பட்டையோ காய்ச்சிப் பார்க்கும் முறையோ காட்டாத அளவு அது. 1982இல் அதே மருத்துவமனையில் விபர்ட்டி குழுவினர், இன்சுலின் சார்ந்த சர்க்கரை நோயாளிகளில் இந்தச் சின்ன அளவு பின்னால் வரும் சிறுநீரக நோயை முன்கூட்டியே காட்டுகிறது என்று எழுதினார்கள். 1984இல் டென்மார்க்கின் மோகென்சன் நடுவயதுக்குப் பின் வரும் சர்க்கரை நோய்க்கும் அதைக் காட்டினார். 'மைக்ரோ' என்பது இப்படிப் பட்டைக்கு எட்டாத அளவைக் குறிக்கப் பிறந்தது. மூலக்கூறு சின்னது என்ற பொருள் அதில் எப்போதும் இல்லை. ஆல்புமின் எங்கே போனாலும் அதே சுமார் 66,500 டால்ட்டன் எடைதான். 'நுண்ணால்புமின்' என்றால் மாணவர்கள் உடனே வேறொரு சிறிய புரதம் என்று எழுதிவைப்பார்கள். ஆங்கிலத்தில் படிப்பவர்களும் அதே தவறைச் செய்கிறார்கள்.

2012இல் வந்த கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற பன்னாட்டுச் சிறுநீரக அமைப்பின் வழிகாட்டுதல், ஆய்வகங்கள் இந்தச் சொல்லையே விட்டுவிட வேண்டும் என்கிறது. அதன் இடத்தில் மூன்று படிகள்: ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மி.கி.க்குக் கீழே ஏ1, 30 முதல் 300 வரை ஏ2, 300க்கு மேல் ஏ3. பழைய 'மைக்ரோ' இந்த ஏ2தான். மூலமொழியிலேயே கைவிடப்படும் முன்னொட்டுக்கு நாம் தமிழில் உயிர் கொடுக்க வேண்டாம். ஆல்புமின் மூத்திரத்தில் வெளியேறுவதற்கு ஒரு சொல், அதன் அளவுக்கு மூன்று படிப்பெயர்கள். அது போதும்.

என் வாக்கு 'ஆல்புமின் கசிவு'க்கு. அதையும் மிஞ்சினால் 'ஆல்புமின் ஒழுக்கு'. கசிவு கொஞ்சம், ஒழுக்கு நிறைய. ஏ2க்கும் ஏ3க்கும் தமிழே படி போட்டுக் கொடுக்கிறது.

செங்கோட்டை, பொது மருத்துவர்:

ஐயா, கசிவும் ஒழுக்கும் கேட்க நன்றாக இருக்கின்றன. ஆனால் 'சிறுநீர்க் கசிவு' ஏற்கெனவே வேறொரு நோயின் பெயர். இருமினால், தும்மினால் கட்டுப்பாடில்லாமல் நீர் போவதற்கு அதைத்தான் சொல்கிறோம். சீட்டில் 'சிறுநீர்', 'கசிவு' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், ஐம்பது வயதுப் பெண் ஒருவர் அதைத் தன் அடக்கமுடியாமை பற்றிய சோதனை என்றே எடுத்துக்கொள்வார். வெட்கப்பட்டுச் சோதனைக்கே வராமல் போவதும் நடக்கும். 'ஒழுக்கு' அதைவிட மோசம்.

உடலியல் பக்கமும் ஒரு தடை. கசிவு என்றால் வடிகட்டியில் ஓட்டை என்ற படம்தான் மனதில் வரும். நலமான சிறுநீரகத்திலும் கொஞ்சம் ஆல்புமின் வடிகட்டியைத் தாண்டுகிறது. வடிகட்டியை அடுத்து வரும் அண்மைச் சுருள்குழலின் செல்கள் மெகாலின், கியூபிலின் என்ற ஏற்பிகளால் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அந்த மீட்பு கெட்டாலும் மூத்திரத்தில் ஆல்புமின் கூடும். காரணத்தை முன்முடிவு செய்யாத சொல் வேண்டும்.

நோயாளிகள் என்ன சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். 'யூரின்ல புரோட்டீன் போகுது.' வினை அங்கேயே இருக்கிறது. தமிழில் வயிற்றுப்போக்கு, உதிரப்போக்கு என்று நோய்ப்பெயர்கள் அதே வினையிலிருந்து வந்தவை. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆல்புமின்போக்கு என்று வைக்கலாம். ஏ2 'மிதப்போக்கு', ஏ3 'மிகுபோக்கு'. ஏ1க்குப் பெயரே வேண்டாம், 'இயல்பளவு' போதும்.

சித்தூர் (ஆந்திரம்), மருத்துவ மொழிபெயர்ப்பாளர்:

அக்கா சொன்ன வினை எல்லை தாண்டியும் செல்லும். தெலுங்கில் 'புரோட்டீன் போதோந்தி' என்பார்கள், மலையாளத்தில் 'போகுன்னு'. மூன்று பக்கமும் ஒரே 'போ'. சித்தூர், பலமநேர், குப்பம் பக்கம் தமிழ் பேசி, தெலுங்கு எழுத்து மட்டும் வாசிக்கத் தெரிந்த வீடுகள் நிறைய. சீட்டை ஒருவர் வாசித்துக் காட்டினாலே அவர்களுக்குப் பிடிபடும்.

எனக்கு ஒரு தடை உண்டு. ஆய்வுக்கட்டுரையில் 'போக்கு' என்றால் காலப்போக்கில் எண் ஏறுவதோ இறங்குவதோ என்றுதான் படிப்போம். 'நோயாளிகளின் ஆல்புமின் போக்கு 2 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டது' என்ற வரியை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். மருந்தாய்வுகளில் ஆல்புமினைக் கிரியேட்டினினால் வகுத்து வரும் விகிதம் எத்தனை விழுக்காடு குறைந்தது என்பதே முக்கிய முடிவாக இருப்பதால், இந்தக் குழப்பம் அடிக்கடி வரும்.

செங்கோட்டை, பொது மருத்துவர்:

ஒப்புக்கொள்கிறேன். ஆல்புமின்போக்கை ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவது, ஏற்ற இறக்கத்துக்கு 'மாற்றம்' என்றே எழுதுவது என்று விதி வைக்கலாம். 'ஆல்புமின்போக்கில் ஏற்பட்ட மாற்றம் 2 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டது.' பொருள் தெளிவாக நிற்கிறது.

'ஸ்பாட் சாம்பிள்' என்பதற்கும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். 'புள்ளி மாதிரி' என்று யாரோ எழுதியதைப் பார்த்தேன், அது வேண்டாம். 24 மணி நேரச் சேகரிப்பு இல்லாமல் ஒரே தடவை பிடிப்பது என்பதே அதன் பொருள். 'ஒருவேளை மாதிரி' எனலாம். காலை எழுந்ததும் போவது 'காலை முதல் மூத்திரம்'. சிறுநீர் என்று எழுதினாலும் சரிதான். ஆனால் எல்லையோர மக்கள் மூன்று மொழியிலும் மூத்திரம் என்றே சொல்வதால் சீட்டில் அதை நாகரிகக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

குப்பம், உயிர்வேதியியல் ஆசிரியர்:

கசிவைக் கைவிடுகிறேன். சிறுநீர்க் கசிவு பற்றிய தடை வலுவானது.

ஒருவேளை மாதிரிக்கு ஏன் கிரியேட்டினினால் வகுக்கிறோம் என்பது சீட்டில் ஒரு வரியாவது வர வேண்டும். இல்லையேல் நோயாளிகள் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நல்ல எண் வாங்கலாம் என்று நினைப்பார்கள். கணக்கைப் பாருங்கள். தண்ணீர் குடித்து நீர்த்த மூத்திரம்: ஆல்புமின் லிட்டருக்கு 12 மி.கி., கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 20 மி.கி., அதாவது லிட்டருக்கு 0.2 கிராம். 12ஐ 0.2ஆல் வகுத்தால் 60. அதே ஆளின் அடர்ந்த மூத்திரம்: ஆல்புமின் 120, கிரியேட்டினின் 200, அதாவது லிட்டருக்கு 2 கிராம். 120ஐ 2ஆல் வகுத்தாலும் 60. பட்டையை முக்கினால் முதலாவது சுத்தம் என்று வரும், இரண்டாவது லேசாக நிறம் காட்டக்கூடும்.

அலகில்தான் வழுக்குகிறார்கள். கிரியேட்டினின் கருவியிலிருந்து மி.கி./டெ.லி. ஆக வரும், நூறால் வகுத்தால் கிராம்/லிட்டர். இதை மறந்து நேரே வகுத்தால் 60 என்பது 0.6 என்று அச்சாகும். மில்லிமோலில் எழுதும் அறிக்கையோடு ஒப்பிட வேண்டுமானால் மி.கி./கிராம் எண்ணை 8.84ஆல் வகுக்க வேண்டும். அந்த அலகில் எல்லைகளைச் சுமார் 3, 30 என்று வைக்கிறார்கள்.

விகிதத்துக்கும் குறை உண்டு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. மெலிந்த முதியவருக்கு அது குறைவாக இருப்பதால் விகிதம் இருப்பதைவிடக் கூடுதலாகத் தோன்றும். கட்டுமஸ்தான உழைப்பாளிக்குக் குறைவாகத் தோன்றும். சந்தேகம் வந்தால் 24 மணி நேரச் சேகரிப்பு. அதில் காலை முதல் மூத்திரத்தைக் கழிப்பறையில் விட்டுவிட்டு நேரத்தைக் குறிக்க வேண்டும், அதன் பிறகு எல்லாம் குடுவையில், மறுநாள் அதே நேரத்து மூத்திரத்தோடு முடிக்க வேண்டும். முதலாவதையும் சேர்த்துவிடுவதும், வெளியில் போன இடத்தில் ஒரு தடவை விட்டுவிடுவதும் வழக்கமான பிழைகள். மொத்தக் கிரியேட்டினினைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்: ஐம்பது வயதுக்குக் கீழ் ஆணுக்கு ஒரு கிலோ எடைக்கு 20 முதல் 25 மி.கி., பெண்ணுக்கு 15 முதல் 20. வெகுவாகக் குறைந்தால் சேகரிப்பு முழுமையில்லை.

கொழிஞ்சாம்பாறை, ஆய்வக நுட்பர்:

ஆல்புமின்போக்கு, மிதப்போக்கு, மிகுபோக்கு, ஒருவேளை மாதிரி. நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். அக்காவுக்கு நன்றி.

ஆய்வகக் கையேட்டுக்கு இன்னொரு சொல் வேண்டும். இது உயிர்போகும் விஷயம் என்பதால் விரிவாக எழுதுகிறேன். கலங்கல் முறையில் ஆல்புமினை அளக்கும்போது எதிர்ப்பொருளும் ஆல்புமினும் பின்னி வலையாகும். அந்தக் கலங்கல்தான் அளவு. ஆல்புமின் அளவுக்கு மீறி இருந்தால் ஒவ்வொரு எதிர்ப்பொருளின் இரு கைகளையும் தனித்தனி ஆல்புமின் பிடித்துக்கொள்ளும். வலை பின்னாது, கலங்கல் எழாது. லிட்டருக்குப் பல ஆயிரம் மி.கி. போகும் நோயாளிக்குக் கருவி குறைந்த எண்ணைக் காட்டி, முகம் வீங்கி வந்தவரை இயல்பளவு என்று அனுப்பிவிடும். ஆங்கிலத்தில் இதற்குக் கொக்கி என்று பெயர். வரைபடக் கோடு மேலே போய் வளைந்து இறங்குவதால். 'கொக்கி விளைவு' என்று தமிழில் எழுதினால் எது ஆபத்து என்று தெரியாது. 'மிகைமறைப்பு' என்று முன்மொழிகிறேன்: மிகையே தன்னை மறைக்கிறது.

தடுக்கும் வழி எளிது. முதலில் பட்டை. பட்டை இரண்டு பிளஸ் காட்டி, கருவி குறைவாகச் சொன்னால் உப்புக் கரைசலில் 1க்கு 10, தேவையானால் 1க்கு 100 நீர்த்து மறுபடி ஓட்டி, நீர்த்த மடங்கால் பெருக்க வேண்டும். நீர்த்தபின் எண் கூடினால் அது மிகைமறைப்பு.

சித்தூர் (ஆந்திரம்), மருத்துவ மொழிபெயர்ப்பாளர்:

மிகைமறைப்பு மிக நன்று. தடை இல்லை.

பட்டையை நம்புவதில் கையேட்டுக்கு இரண்டு எச்சரிக்கைகள் சேர்க்கலாம். அந்த மஞ்சள் கட்டம் அமில நிலையில் வைத்த நிறங்காட்டி; புரதம் சேர்ந்தால் பச்சையாகும். வெயிலில் மணிக்கணக்கில் பஸ்ஸில் வந்த மூத்திரத்தில் பாக்டீரியா யூரியாவை உடைத்துக் காரமாக்கிவிடும், பி.எச். 8ஐத் தாண்டினால் புரதம் இல்லாமலே பச்சை வரும். கிருமிநாசினி ஊற்றிக் கழுவிய பாட்டிலாலும் வரும். மறுபக்கம், பட்டை முக்கியமாக ஆல்புமினைத்தான் பிடிக்கும். மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில் போகும் பென்ஸ் ஜோன்ஸ் புரதத்தைத் தவறவிடும். அதனால் பட்டை முடிவை 'புரதம் இல்லை' என்று தமிழில் எழுதக்கூடாது. 'பட்டையில் ஆல்புமின் தெரியவில்லை' என்பதே சரி.

குப்பம், உயிர்வேதியியல் ஆசிரியர்:

மிகைமறைப்புக்கு என் இசைவும். ஆராய்ச்சிக்கு மாதிரி சேர்ப்பவர்களுக்கு ஒன்று: 2 முதல் 8 டிகிரியில் 7 நாள் வரை வைக்கலாம். மைனஸ் 20இல் உறைய வைத்தால் ஆல்புமின் படிந்து எண் குறைகிறது. நெடுநாள் வைக்க மைனஸ் 70க்குக் கீழே வேண்டும். எடுத்தபின் அறைவெப்பத்துக்கு வரவிட்டு நன்றாகக் கலக்கிய பிறகே அளக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை, ஆய்வக நுட்பர்:

சீட்டின் தமிழ்ப் பக்கம், அச்சுக்குப் போகும் வடிவில்:

'இது மூத்திரத்தில் ஆல்புமின்போக்கு பார்க்கும் சோதனை. காலையில் எழுந்ததும் போகும் முதல் மூத்திரத்தைப் பிடியுங்கள். முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதை ஆய்வகம் தந்த பாட்டிலில் பாதிவரை பிடியுங்கள். வீட்டு மருந்து பாட்டில் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவர முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். காய்ச்சல், மூத்திர எரிச்சல், மாதவிடாய் இருக்கும் நாளிலும், கடும் வேலை செய்த மறுநாளிலும் வேண்டாம். எண் பொய்யாகக் கூடும். தண்ணீர் வழக்கம்போல் குடியுங்கள். கூடக் குடித்தால் முடிவு மாறாது. 30க்குக் கீழே இயல்பளவு. 30 முதல் 300 வரை மிதப்போக்கு. 300க்கு மேல் மிகுபோக்கு. ஒரே தடவை கூடியதால் நோய் உறுதியாகாது. 3 முதல் 6 மாதத்துக்குள் மூன்று தடவை பார்த்து, இரண்டு தடவையாவது கூடினால்தான் மருத்துவர் உறுதி செய்வார். அதுவரை மாத்திரையை நீங்களே நிறுத்தவோ கூட்டவோ கூடாது.'

திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.