காணிக்கை உறையில் அச்சடித்த சாபம்: பயம் விசுவாசமாகுமா?

அஸ்தம்பட்டி வாசகி:

சேலத்தில் நாங்கள் போகும் சபையில் மாதந்தோறும் தசமபாக உறை கொடுப்பார்கள், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைப் போட்டுக் கொடுக்க. வெள்ளை உறை. மேலே குடும்பத் தலைவர் பெயரும் எண்ணும். கீழே மல்கியா 3:9-இலிருந்து "நீங்கள் சபிக்கப்பட்டவர்கள்" என்ற துண்டு மட்டும் சிவப்பு எழுத்தில். அடுத்த வசனத்திலேயே வானத்தின் பலகணிகள் திறக்கும் என்று வருகிறது. அதை அச்சடிக்கவில்லை.

என் தோழிக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. ஜெபிக்க வந்த போதகர், அவள் கணவருக்கு வேலை இல்லாத மாதங்களில் உறை வராததை நினைவூட்டி, "கர்த்தருடைய பங்கில் கைவைத்தால் கர்த்தர் உங்கள் பங்கில் கைவைப்பார்" என்றார். நான் அந்த அறையில்தான் இருந்தேன். பால் கட்டிக்கொண்டு வலியில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். காதில் கிடந்த தோடுகளைக் கழற்றி உறையில் போட்டு நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

பிறவிக் குருடனைப் பார்த்து, "இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா?" என்று சீஷர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. யோவான் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர் இல்லையென்று சொன்னதை நம் போதகர்கள் ஆமென்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தோடுகளைக் கொடுக்க வைத்ததை நான் விசுவாசம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

சூரமங்கலத்தான்:

சகோதரி, அந்தப் போதகர் செய்தது பாவம். அதில் எனக்கும் உங்களுக்கும் வழக்கில்லை. ஆனால் அவரைக் காட்டி தேவபயத்தையே தள்ளிவிடாதீர்கள்.

என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். சம்பள நாளில் அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜங்ஷன் வாசலில் நிற்பார், சாராயக்கடைக்குப் போகுமுன் பணத்தை வாங்கிவிட வேண்டுமென்று. அன்பாகச் சொல்லிப் பார்க்காதவர் இல்லை. பாட்டி காலில் விழுந்தே அழுதார். அசையவில்லை. ஒருநாள் எழுப்புதல் கூட்டத்தில் நியாயத்தீர்ப்பைப் பற்றிய பிரசங்கம் கேட்டுவிட்டு வந்து, இரவெல்லாம் திண்ணையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு சாகும்வரை தொடவில்லை. நான் படித்தது அந்த நடுக்கத்தால்தான்.

"ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவருக்கே பயப்படுங்கள்" என்று சொன்னவர் யார்? மத்தேயு 10:28. இயேசுதான். அன்பைப் பற்றிய வசனங்களை மட்டும் பொறுக்கி எடுப்பதும் அந்த உறையை அச்சடித்தவர் செய்த வேலைதான்.

செவ்வாய்ப்பேட்டைப் பகுத்தறிவாளன்:

1944-இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இதே சேலத்தில்தான். பயம்தான் மதத்தின் வேர் என்று அப்போதிருந்தே இங்கே மேடை மேடையாகச் சொல்லியாகிவிட்டது. நீங்கள் வேரை விட்டுவிட்டு எந்தக் கிளை நல்ல கிளை என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டவர் மருத்துவர். போதகர் இல்லை.

அஸ்தம்பட்டி வாசகி:

மருத்துவரிடம் போய்விட்டு வந்துதான் படுத்திருந்தாள் ஐயா. அவளுக்குத் தேவைப்பட்டது பக்கத்தில் உட்கார்ந்து அழ ஒரு ஆள்.

மருத்துவர் என்றதால் ஒன்று சொல்கிறேன். நம் ஊரிலிருந்து வாரந்தோறும் எத்தனையோ பேர் வேலூருக்கு ரயிலேறுகிறார்கள். அங்கே இருக்கும் சி.எம்.சி. மருத்துவமனையின் தொடக்கம் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க மிஷனரி. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டுக்காரர்கள் பிரசவ வேதனையிலிருந்த மனைவிக்கு உதவி கேட்டு அவரிடம் வந்தார்கள். ஆண் மருத்துவரான அவருடைய தகப்பனாரை உள்ளே விட அவர்கள் வழக்கம் இடம் கொடுக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் ஐடா மருத்துவம் படிக்கப் போனார். 1900-இல் திரும்பி வந்து வேலூரில் வேலையைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. "உங்கள் பாவத்தால்தான் செத்தார்கள்" என்று அந்த வீடுகளில் போய்ச் சொல்லியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

சூரமங்கலத்தான் தம்பிக்கு: உங்கள் அப்பா மாறியது எனக்கும் சந்தோஷம். ஆனால் அவர் பயந்தது தான் செய்த கொடுமையின் கணக்கை நினைத்து. என் தோழி என்ன செய்தாள்?

ஏற்காட்டுக்காரி:

மலையிலிருந்து ஒரு வார்த்தை. என் தாய்வழி, இந்த மலையின் பழங்குடியான மலையாளி சமூகம். சிறிய சபை ஒன்றில் ஞானஸ்நானம் பெற்ற என் அத்தை மகளிடம், மே மாதம் சேர்வராயன் திருவிழாவுக்கு மேலே போகும் சொந்தக்காரர்களோடு ஒரே வீட்டில் சாப்பிட்டால்கூட இரட்சிப்பு போய்விடும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். சாமி கும்பிட வேண்டாம் என்பது அவள் முடிவு, அதை யாரும் தடுக்கவில்லை. பெற்ற தாய் வடித்த சோற்றை ஏன் தீட்டாக்க வேண்டும்? வரி வசூலிப்பவன் சகேயு வீட்டில் இயேசு விருந்துக்குப் போனார். ஊர் முறுமுறுத்தது. அவன் ஆஸ்திகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்றது அதற்குப் பிறகுதான். நரகம் என்ற சொல் அந்தக் கதையிலேயே வரவில்லை.

அத்தை மகள் மிளகு பறிக்க வரும்போது தனியாக ஒரு பாத்திரம் கொண்டுவருகிறாள். அத்தை அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சமுதாயத்தில் என்ன தாக்கம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அந்தப் பாத்திரத்தைத்தான்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்:

இரண்டு பக்கமும், புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1505-இல் இடிமின்னலுக்குப் பயந்து, பிழைத்தால் துறவியாகிறேன் என்று பொருத்தனை செய்து மடத்துக்குப் போனவர் அவர். மடத்தில் உபவாசம், பாவ அறிக்கை, விழிப்பு என்று எல்லாம் செய்தும் பயம் தீரவில்லை. "விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்ற ரோமர் வசனம் பிடிபட்டபிறகே அவருக்கு மூச்சு வந்தது. பாவத் தண்டனையைக் காசுக்குக் குறைக்கும் சீட்டுகளை டெட்செல் விற்றபோது, 1517-இல் எதிர்த்து எழுத அவரால் முடிந்ததும் அதனால்தான்.

தமிழ்நாட்டுக்கு வந்தால், 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் ஆலயத்தைவிட்டே வெளியேறினார்கள். யோசித்துப் பாருங்கள். சினிமா பார்த்தால் நரகம், நகை போட்டால் நரகம் என்று நம் பிரசங்க மேடைகள் எத்தனை தலைமுறையாகச் சொல்லிவிட்டன! நற்கருணைப் பாத்திரத்தில் கீழ்ச்சாதிக்காரன் வாய்வைத்த இடத்தில் வாய்வைக்க மறுத்தவனுக்கு நரகம் என்று எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்?

சூரமங்கலத்தான்:

ஐயா, நீங்கள் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். சாதிக்காரன் பயப்படவில்லை, அதனால் வெளியே போனான். அவனுக்கு நரகத்தை இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். மத்தேயு 25-ஐப் பாருங்கள். நித்திய அக்கினி யாருக்கு? பசியாயிருந்தவனுக்குச் சோறு போடாதவனுக்கு. லூக்கா 16-இல் பாதாளத்தில் கிடப்பவன் யார்? வாசலில் கிடந்த லாசருவைக் கண்டும் காணாமல் விருந்துண்ட ஐசுவரியவான். பயத்தையே எடுத்துவிட்டால், கூலியைப் பிடித்துவைக்கும் முதலாளியையும் மனைவியை அடிக்கும் மூப்பனையும் எதைச் சொல்லி நிறுத்துவீர்கள்? அன்பைச் சொன்னால் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அடிப்பான்.

அஸ்தம்பட்டி வாசகி:

நானும் அதையேதான் சொல்ல வருகிறேன் தம்பி. இயேசு எச்சரித்தது விருந்து மேசையில் இருந்தவனை. லாசருவை அல்ல. விபசாரத்தில் கையும் மெய்யுமாகப் பிடிபட்ட பெண்ணிடம் "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை" என்றார், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரிடம் "ஐயோ" என்றார். நம் சபைகளில் இது தலைகீழாக நடக்கிறது. நோயாளிக்கும் கடனாளிக்கும் பிள்ளையை இழந்தவளுக்கும் சாபம். பெரிய காணிக்கை தருபவருக்கு முன்வரிசையும் பொன்னாடையும்.

யோபின் புத்தகத்தில் சாத்தான் ஒரு கேள்வி கேட்கிறான்: "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" கொடுத்தால் ஆசீர்வாதம், நிறுத்தினால் சாபம் என்று பழக்கிவிட்ட சபையிடம் அதே கேள்வியைக் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்? என் தோழி இப்போதும் ஞாயிறு தவறாமல் வருகிறாள். பாட்டுப் பாடும்போது வாய் அசைவதில்லை. இன்னொரு பிள்ளை உண்டானால் அதையும் எடுத்துவிடுவார் என்ற பயத்தில்தான் வருகிறேன் என்று என்னிடம் சொன்னாள். "பயப்படுகிறவன் அன்பில் பூரணப்பட்டவன் அல்ல" என்று யோவான் எழுதியது அவளைக் கடிந்துகொள்ள அல்ல, அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களைக் கேட்க.

செவ்வாய்ப்பேட்டைப் பகுத்தறிவாளன்:

கடவுள் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் அந்தத் தோடுகள் திரும்பி வர வேண்டும். மனு எழுத வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன்.

அஸ்தம்பட்டி வாசகி:

நன்றி ஐயா. முதலில் சபைக்குள்ளேயே கேட்டுப் பார்க்கிறேன். வரும் ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. தோடுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், உறையில் அந்தச் சிவப்பு வரி போக வேண்டும், வேலையிழந்த வீடுகளுக்கு உறையே அனுப்பக்கூடாது என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். தனியாகப் போனால் பெண்பிள்ளைக்கு என்ன உபதேசம் தெரியும் என்பார்கள்.

சூரமங்கலத்தான்:

நான் வருகிறேன் அக்கா. மூன்று கோரிக்கைகளுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். நரகத்தைப் பற்றிப் பிரசங்கிக்கக் கூடாது என்று நான்காவதாக ஒன்று சேர்த்தால் போட மாட்டேன். ஐசுவரியவானும் லாசருவும் பகுதியை நானே அங்கே வாசிக்கிறேன், போதகரைப் பார்த்து.