கிரேடு தெரியாத அலுமினிய ஷீட்டில் டீசல் டேங்க் செய்யலாமா?

முதுநகர்_படகு:
வணக்கம். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு மிச்சச் சரக்கு வியாபாரியிடம் 3 மி.மீ. அலுமினிய ஷீட் கிலோ கணக்கில் மலிவாகக் கிடைத்தது. ஒன்றில் மட்டும் 6061-டி6 என்று மங்கலான பிரிண்ட் இருக்கிறது. சிலவற்றில் நீல ஃபிலிம் ஒட்டியிருக்கிறது, மற்றவை மொட்டை. அண்ணன் படகுக்கு ஒரு டீசல் டேங்க், மீன் ஐஸ் பெட்டிக்கு உள்தகடு, மிச்சத்தில் வண்டிக்கு டூல் பாக்ஸ். மூலையை மடித்து ஆர்கான் வெல்டிங் அடிப்பதாகத் திட்டம். எது எந்தக் கிரேடு, அதாவது எந்தக் கலவை என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஆர்கான்_பட்டறை:
முடியும் தம்பி. ஓரத்தில் ஒரு பட்டை வெட்டி வைஸில் பிடித்து மடியுங்கள். சும்மா மடங்கினால் 1100 அல்லது 3003. கொஞ்சம் முரண்டு பிடித்து, வெடிக்காமல் மடங்கினால் 5052. வெளிப்பக்கம் வெடித்தால் 6061-டி6. வில்லியனூர் ரோட்டில் வருஷக்கணக்காக இப்படித்தான் வேலை ஓடுகிறது. லேப், ரிப்போர்ட் என்று போனால் மலிவாக வாங்கிய லாபம் அங்கேயே போய்விடும்.

கெடிலம்_க்யூசி:
சார், மடக்கிப் பார்ப்பது கிரேடைச் சொல்லாது. அந்த ஷீட் இப்போது எவ்வளவு கெட்டி என்பதைத்தான் சொல்லும். 6061 என்பது கலவை, டி6 என்பது டெம்பர், அதாவது எவ்வளவு கெட்டியாக்கியது என்பது. அதே 6061 ஓ டெம்பரில், கெட்டியாக்காமல் வந்தால் வெண்ணெய் மாதிரி மடங்கும். 5052-ஐ எச்38 வரை உருட்டிக் கெட்டியாக்கியிருந்தால் அதுவும் வெடிக்கும். விமானத்துக்குப் போகும் 2024 ரகம் ஓ டெம்பரில் வந்தால் உங்கள் வைஸில் சமர்த்தாக மடங்கி 5052 என்று பெயர் வாங்கிக்கொண்டு படகில் ஏறிவிடும். அதில் 4 சதவீதத்துக்கு மேலே செம்பு. உப்புக் காற்றில் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஆர்கான் அடித்தால் ஆறும்போதே விரிசல் விடும்.

ஆர்கான்_பட்டறை:
விமானத் தகடு மேட்டுப்பாளையத்துக்கு எதுக்கு வருது?

கெடிலம்_க்யூசி:
பெங்களூரு, ஓசூர் பக்கம் விமானப் பாகம் செய்யும் கம்பெனிகள் உண்டு. அவர்கள் கழிக்கும் துண்டும் கிலோ கணக்கில்தான் விலை போகும். மிச்சச் சரக்குக்கு ஊர் ஏது?

ஆர்கான்_பட்டறை:
சரி, அதற்கும் வழி இருக்கிறது. காஸ்டிக் சோடாவை நூறு மில்லி தண்ணீரில் பத்து கிராம் கணக்கில் கரைத்து, எமரி போட்ட இடத்தில் ஒரு சொட்டு. சில நிமிடம் கழித்துக் கழுவிப் பார்த்தால் 2024-ம், இன்னொரு விமான ரகமான 7075-ம் கருத்துப்போயிருக்கும். 1100, 3003, 5052, 6061 எல்லாம் வெளுப்பாகவே இருக்கும். திறந்த வெளியில் செய்யுங்கள், கையுறை, கண்ணாடி கட்டாயம். நுரைத்து வருவது ஹைட்ரஜன், பக்கத்தில் பீடி கூடாது.

கெடிலம்_க்யூசி:
இது நல்ல சோதனை. ஆனால் ஷீட்டின் முகத்தில் மட்டும் சொட்டு விட்டால் ஏமாறுவீர்கள். விமானத் தகட்டில் ஒரு ரகத்துக்கு இரண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தில் மெல்லிய போர்வை இருக்கும், ஆல்கிளாட் என்பார்கள். முகம் வெளுப்பாகவே நிற்கும். வெட்டிய ஓரத்தை அரம் போட்டு அங்கே விடுங்கள். நடுவில் கருப்பு, இரண்டு விளிம்பிலும் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான்.

எடை வைத்தும் பார்க்கலாம், முழு ஷீட்டை அல்ல. எட்டுக்கு நாலடி, 3 மி.மீ. ஷீட் சுமார் 24 கிலோ வரும். தடிமன் 0.1 மி.மீ. மாறினாலே 800 கிராம் கூடிக் குறையும், கிரேடு வித்தியாசம் அதில் மறைந்துவிடும். 270 கிராம் துண்டு ஒன்றை நூலில் கட்டித் தண்ணீரில் முக்கி நிறுங்கள். 6061 என்றால் 100 கிராம் குறையும். 2024 என்றால் 97, 7075 என்றால் 96. 5052-க்கு 100.7 வரும், அதை 6061-இலிருந்து பிரிக்க நகைக்கடைத் தராசும் பொறுமையும் வேண்டும்.

ஆகக் கெட்டதைக் கழிக்க வீட்டுச் சோதனை போதும். மீதி இருப்பது இதுதான் என்று பெயர் வைக்கப் போதாது.

ஆர்கான்_பட்டறை:
பெயர் எதற்கு? கருக்காத ஷீட் எல்லாம் ஐஸ் பெட்டிக்கு ஆகும். 5356 வெல்டிங் ராடு போட்டால் 3003, 5052, 6061 மூன்றும் பிடிக்கும். முடிந்தது கதை.

கெடிலம்_க்யூசி:
ராடு விஷயத்தில் உங்கள் பக்கம்தான். பலர் கையில் இருக்கும் 4043 ராடையே எல்லாவற்றுக்கும் ஓட்டுகிறார்கள், மக்னீசியம் கூடின ரகத்தில் அந்தத் தையல் நொறுங்கும். ஐஸ் பெட்டி, டூல் பாக்ஸ் இரண்டுக்கும் நானும் தடை சொல்லவில்லை. டேங்கில்தான் பிடிவாதம். கடலில் டேங்குக்கு 5052, 5083, 5086 என்பதுதான் வழக்கம். இவரிடம் பிரிண்ட் இருப்பதோ 6061-டி6. 3 மி.மீ.க்குக் கிட்டத்தட்ட 9 மி.மீ. உள்வளைவாவது விடாமல் மடித்தால் வெளிப்பக்கம் மயிரிழை விரிசல் வரும். வெல்டிங் சூட்டில் தையலோரம் டி6-இன் பலமும் பாதிக்குப் பக்கமாக இறங்கும்.

தேங்காய்த்திட்டு:
நடுவில் வருகிறேன். படகில் நான் பார்த்தவரை டேங்க் ஓட்டையாவது பெரும்பாலும் அடிப்பக்கத்திலிருந்துதான். ஆடாமல் இருக்க ரப்பர், பழைய கார்ப்பெட் என்று எதையாவது கீழே திணிப்பார்கள். அதில் உப்புத் தண்ணீர் ஊறி நிற்கும், காற்று போகாது, அங்கே தின்னும். அப்புறம் பித்தளை வால்வை நேராகத் திருகுவது. பித்தளையும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டால் கரைவது அலுமினியம்தான். 5083 வாங்கிப் போட்டாலும் இதே கதை. தண்ணீர் வடிய இடம் விட்டுப் பட்டைமேல் உட்கார வையுங்கள்.

ஆர்கான்_பட்டறை:
அதைச் சொல்லுங்கள்! கிரேடைப் பிடித்துக்கொண்டு இத்தனை நேரம்.

கெடிலம்_க்யூசி:
இரண்டும் வேண்டும் சார். மொட்டை ஷீட் ஒன்றில்தான் டேங்க் என்றால், உள்ளங்கை அளவு துண்டு வெட்டி ஸ்பெக்ட்ரோ பாருங்கள், கலவையில் எது எத்தனை சதவீதம் என்று சொல்லும் சோதனை அது. பொறி விட்டுப் பார்க்கும் மிஷினா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில பழைய ஸ்கிராப் கடைகளில் இருக்கும், எக்ஸ்ரே அடித்துக் கலவை பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கிக்கு மக்னீசியம் கண்ணில் படாது. 5052 யார் என்று காட்டிக்கொடுப்பதே அந்த 2.5 சதவீத மக்னீசியம்தான். ஸ்பெக்ட்ரோவும் டெம்பரைச் சொல்லாது. அதற்கு உங்கள் வைஸ் போதும், அதை மறுக்கவில்லை.

முதுநகர்_படகு:
அந்த நீல ஃபிலிம் எதையாவது சொல்லுமா?

கெடிலம்_க்யூசி:
ஒன்றும் சொல்லாது, கீறல் விழாமல் காக்க ஒட்டுவது. மார்க்கரில் யாரோ எழுதியதும் அப்படித்தான். மில் பிரிண்ட் என்றால் கிரேடு, டெம்பர், தடிமன் எல்லாம் வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும்.

முதுநகர்_படகு:
சரி. பிரிண்ட் உள்ளது டூல் பாக்ஸுக்கு. மொட்டையில் ஓரம் கருக்காததை ஐஸ் பெட்டிக்கு எடுக்கிறேன். டேங்குக்கு ஒரே ஷீட் போதும், அதில் மட்டும் துண்டு வெட்டி ஸ்பெக்ட்ரோவுக்குக் கொடுக்கிறேன். 5052 என்று வராவிட்டால் டேங்குக்குப் புது ஷீட் சர்டிபிகேட்டோடு வாங்கிக்கொள்கிறேன்.

ஆர்கான்_பட்டறை:
3003 என்று வந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதே தம்பி, அது உப்புக்கு ஒன்றும் மோசமில்லை. என்னிடம் கொண்டு வா, டேங்க் நான் அடித்துத் தருகிறேன்.

கெடிலம்_க்யூசி:
3003 உப்பு தாங்கும், ஆனால் மெத்து. அலையில் டீசல் உள்ளே அடிக்கும் அடிக்குத் தடுப்புத் தகடு கூடுதலாக வைக்க வேண்டும். வைப்பீர்களா சார்?

ஆர்கான்_பட்டறை:
வைத்தால் கூலி கூடும். அதையும் அவரிடமே கேளுங்கள்.