புதுப்பிப்பு: தம்பியின் பி.இ. பட்டமும் வேலையும்

தம்பி மெக்கானிக்கல் முடித்து எட்டு மாதமாக வீட்டிலேயே இருக்கிறான், இந்தப் பட்டத்துக்கு மதிப்பே இல்லையா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது! அம்பத்தூரில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில், தரப் பரிசோதனைப் பிரிவு.

உங்களில் சிலர் சொன்ன ஒரு வருட அப்ரண்டிஸ் பயிற்சிக்குப் போனதுதான் கைகொடுத்தது. உதவித்தொகை பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போனது, அது உண்மை. ஆனால் இந்த நேர்காணலில் மதிப்பெண் பட்டியலை யாரும் புரட்டவில்லை. ஒரு உதிரிபாகத்தின் அளவுகள் குறித்த டிராயிங்கையும், நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் கருவியையும் கையில் கொடுத்து, "இந்தத் துளையை அளந்து பார்த்துச் சொல்லுப்பா, பாஸா ரிஜெக்டா?" என்று கேட்டார்களாம். நான்கு வருடக் கல்லூரியில் அவன் வெர்னியரைத் தொட்டது இரண்டே தடவை. பயிற்சியில் தினமும் அதே வேலை.

அதற்காகப் பட்டம் வீண் என்று இப்போது சொல்ல மாட்டேன். பட்டதாரி அப்ரண்டிஸாகச் சேர அதுதானே தேவைப்பட்டது! பத்தாம் வகுப்பே போதும் என்கிற குரூப் 4 தேர்வை இன்ஜினியரிங் முடித்தவர்கள் எழுதுவதைப் பார்க்கும்போதுதான் மனசு கனக்கிறது.

வீட்டில் கடைசி வருடம் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் கேளுங்கள், அவன் விண்ணப்பித்த விவரம் முழுவதும் எழுதுகிறேன்.