1925 என்.எஃப்.எல். பட்டம் யாருடையது?

பழங்கணக்கு:
அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் சாம்பியன் பட்டியலில் 1925க்கு நேரே சிகாகோ கார்டினல்ஸ் என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு பாட்ஸ்வில் மரூன்ஸ் என்று எழுத வேண்டும் என்பது என் கட்சி. பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊர் அணி அது. டிசம்பர் 6 அன்று சிகாகோவுக்கே போய் கார்டினல்ஸை 21–7 என்று வீழ்த்தியது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

எல்லைக்கோடு:
ஐயா, அன்றைக்கு இறுதிப்போட்டி என்ற வழக்கமே கிடையாது. அது 1933இல்தான் வந்தது. வெற்றி விகிதத்தை வைத்துத்தான் பட்டம். அதற்குப் பிறகு மரூன்ஸ் செய்ததை வசதியாக விட்டுவிட்டீர்களே! பிலடெல்பியாவில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் முன்னாள் வீரர்களோடு காட்சி ஆட்டம் ஆடினார்கள். அந்த நகரம் ஃபிராங்க்ஃபோர்டு என்ற மற்றொரு லீக் அணிக்கு உரிய எல்லை. லீக் தலைவர் ஜோ கார் எச்சரித்தும் கேட்கவில்லை. இடைநீக்கம் செய்யாமல் மாலையா போடுவார்?

பழங்கணக்கு:
தொலைபேசியில் அனுமதி பெற்றோம் என்பது பாட்ஸ்வில்லின் வாதம். அது கிடக்கட்டும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் கல்லூரி வீரர்களுக்கு ஈடாக மாட்டார்கள் என்று ஊரே ஏளனம் செய்த காலம். அந்த ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் சார்லி பெர்ரி கம்பங்களுக்கு இடையே உதைத்த ஃபீல்டு கோலால் மரூன்ஸ் 9–7 என்று வென்றது. லீக்கின் மானத்தைக் காத்தவர்களுக்கு லீக் கொடுத்த பரிசு, இடைநீக்கம்!

கார்டினல்ஸ் கதையைப் பாருங்கள். தோற்றபின் அவசர அவசரமாக இரண்டு ஆட்டங்களை ஏற்பாடு செய்தார்கள். அதில் ஒன்று மில்வாக்கியோடு. ஆள் பற்றாமல் அந்த அணி நான்கு பள்ளி மாணவர்களைக் களமிறக்கியது. பையன்களைப் பிடித்துக் கொடுத்தவர் ஆர்ட் ஃபோல்ஸ், கார்டினல்ஸின் சொந்த வீரர்! இப்படிச் சேர்த்த கணக்குதான் 11 வெற்றி, 2 தோல்வி, 1 சமன். மரூன்ஸ் 10 வெற்றி, 2 தோல்வி. மில்வாக்கி ஆட்டத்தைக் கழியுங்கள். சமன்களை அன்று கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு அணிகளும் 10–2. நேருக்கு நேர் யார் வென்றார்கள்?

எல்லைக்கோடு:
அந்த மோசடிக்கு லீக் தண்டனை கொடுக்காமல் இல்லை. ஃபோல்ஸுக்குத் தடை, மில்வாக்கி உரிமையாளர் அணியை விற்க உத்தரவு. ஆனால் கார்டினல்ஸ் செய்த தவறு மரூன்ஸின் தவறை அழித்துவிடாது. இடைநீக்கம் செய்யப்பட்ட அணி பட்டத்துக்கு எப்படி உரிமை கோரும்?

புதுவரவு:
கார்டினல்ஸே பட்டத்தை மறுத்ததாகப் படித்தேன். உண்மையா?

பழங்கணக்கு:
உண்மை. உரிமையாளர் கிறிஸ் ஓபிரையன் பட்டத்தை ஏற்க மறுத்தார். அணியைப் பின்னாளில் வாங்கிய பிட்வில் குடும்பம்தான் பட்டத்துக்கு உரிமை கொண்டாடியது. இன்று அரிசோனாவில் ஆடும் அந்த அணிக்கு இதைத் தவிர இருப்பது 1947 பட்டம் ஒன்றுதான். விட மனம் வருமா? பாட்ஸ்வில்லுக்கோ, நிலக்கரியில் செதுக்கிய காலணி ஒன்றுதான் கோப்பை. அது கேன்டன் நகரிலுள்ள கால்பந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எல்லைக்கோடு:
2003இல் விவகாரம் மறுபடியும் அணி உரிமையாளர்களிடம் போனது. 30–2 என்று தள்ளிவிட்டார்கள். ஆதரித்த இருவர் பிட்ஸ்பர்க், பிலடெல்பியா அணியினர். இரண்டும் பென்சில்வேனியா. மாநிலப் பாசம்! கார்டினல்ஸ் பெயரை அடியுங்கள், எனக்கு மறுப்பில்லை. அந்த இடம் காலியாக இருக்கட்டும்.

பழங்கணக்கு:
காலியாக விட்டுப் பாருங்கள், மறுநாளே பாட்ஸ்வில்காரர்கள் பேனாவோடு வந்து நிற்பார்கள்.