போன்ல பாத்த கலரு, தறியில வந்த கலரு

போன தையில அண்ணன் பொண்ணு நிச்சயத்துக்கு சேலை ஆர்டர் குடுக்க திருபுவனம் போயிருந்தோம், கும்பகோணத்துலேந்து பஸ் ஏறுனா கொஞ்ச நேரம்தான். கடைக்குப் போகல, தெரிஞ்ச தறிக்காரர் வீட்டுக்கே போயிட்டோம். நான் மனசுக்குள்ள அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்துன்னு அடுக்கி வச்சிருக்கேன், இவ போனை நீட்டுறா, லாவண்டர்ல உடம்பு, அதுலயே மின்ட் பச்சை அடிக்கணுமாம், டபுள் ஷேடாம். ஏண்டி இப்படி வெளுத்த கலருன்னு கேட்டா "அரக்கு போட்டோல கருப்பா விழும் அத்தை"ங்கிறா. இப்பத்த புள்ளைங்க கேமராவக் கேட்டுத்தான் கலர் எடுக்குதுங்க.

தறிக்காரர் ஒண்ணும் சொல்லல. போன் வெளிச்சத்தக் கூட்டிக் குறைச்சுக் காட்டினாரு, லாவண்டர் மூணு விதமா தெரிஞ்சுச்சு. அப்புறம் ரெண்டு கலர் பட்டு நூலையும் விரல்ல சேத்து முறுக்கி வாசல் வெயில்ல புடிச்சாரு பாருங்க, சாம்பலாட்டம் ஆயிடுச்சு! பாவு, அதான் நீளவாட்டு நூலு, ஒரு கலரு, ஊடை, குறுக்கால போற நூலு, ஒரு கலருன்னா கண்ணுக்கு ரெண்டும் கலந்துதான் தெரியும், மயில்கழுத்தே நீலமும் பச்சையும் சேந்து வர்றதுதானேன்னாரு. அவ்ளோதான், இவ நூலப் புடுங்கிக்கிட்டு மஞ்சளோட முறுக்குறா, ஆரஞ்சோட முறுக்குறா, திண்ணைக்கும் உள்ளுக்குமா அரை மணி நேரம் நடந்து கடைசில ரோஸ் ஊடைன்னு முடிவு பண்ணா. எனக்குத் தோணியே இருக்காது, ஆனா நல்லாத்தான் இருந்துச்சு.

அப்பதான் அவரு "ஒரு பாவு ஓட்டுனா மூணு சேலை வரும் பாப்பா, மீதி ரெண்டு லாவண்டரை யாரு எடுப்பா?"ன்னாரு. ஊடையத்தான் மாத்தலாம், பாவு மாறாதுல்ல. "அத்தைக்கு ஒண்ணு வாடாமல்லி ஊடை போட்டு நெய்ங்க மாமா"ன்னுட்டா. பணம் குடுத்தது நான்.

---

எங்க வீட்லயும் இதே கதைதான். எங்களுக்கு தஞ்சாவூரு, தேருக்கு தொம்பை, அதான் தேர்ல உருளையாத் தொங்குற துணி, தைக்கிற வீடு. என் பையன் கல்யாண மண்டபத்துக்குன்னு பீச், கிரீம்ல தொம்பை தைச்சான், லைட்டுல பிரமாதம். அதே கலர்ல தேருக்கும் ஒண்ணு தைச்சுத் தொங்கவிட்டுப் பாத்தான், வெயில்ல தூரத்துலேந்து வெறும் வெள்ளைத் துணி. பிரிச்சுட்டு பழைய சிவப்பு, மஞ்சள், கருப்புக்கே வந்துட்டான். மண்டபத்துக்கு மட்டும் இன்னும் பீச்தான், ஆர்டரும் அதுக்குத்தான் ஜாஸ்தி வருது.