ஆர்சி (ரிமோட்) காரில் வலப்பக்கத் திருப்பம் மட்டும் குறைகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். என்னுடையது 1/10 அளவு பக்கி (கரடுமுரடான தரையில் ஓட்டும் வகை), நான்கு சக்கர இழுவை, செகண்ட்ஹேண்டில் வாங்கியது. இடப்பக்கம் சின்ன வட்டமாகத் திரும்புகிறது. வலப்பக்கம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடம் கேட்கிறது. நேராக ஓடுவதில் குறை இல்லை, அதுதான் குழப்பம்.

சக்கரங்களைத் திருப்பும் மோட்டாரான சர்வோவின் இணைப்பைக் கழற்றிவிட்டுச் சக்கரங்களைக் கையால் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தடையின்றி ஒரே அளவு போகின்றன. அப்புறம் ரிமோட்டில் நடுநிலையைச் சரிசெய்யும் ட்ரிம்மைப் பூஜ்யத்தில் வைத்து, சர்வோ ஹார்னை (சர்வோ அச்சில் மாட்டும் சிறு கை) இணைப்புக் கம்பிக்குச் செங்குத்தாகப் பொருத்தினேன். சர்வோ அச்சில் 25 பல் என்பதால் ஹார்னை ஒரு பல் தள்ளினாலே 14.4 டிகிரி மாறிவிடுகிறது. மிச்சத்தை ரிமோட்டின் நுண்திருத்தமான சப்-ட்ரிம்மில் சரிசெய்தேன். பலன் கொஞ்சம்தான். வலப்பக்க எண்ட் பாயிண்டை (சர்வோ திரும்பும் எல்லை) 120 வரை ஏற்றினால் சக்கரம் அசையாமல் சர்வோ முனகுகிறது. கருகிவிடும் என்று பயந்து உடனே இறக்கிவிட்டேன்.

நேற்று ஸ்கேல் வைத்து அளந்தபோது இடது டை ராட் (சக்கரத்தைத் தள்ளி இழுக்கும் கம்பி) வலதைவிட 2 மில்லிமீட்டர் நீளம். முன்பு வைத்திருந்தவர், சர்வோவின் அசைவை டை ராட்களுக்குக் கடத்தும் பெல்கிராங்க் கோணலாக நிற்பதைக் கவனிக்காமல், டை ராடைத் திருகியே சக்கரங்களை நேராக்கியிருப்பாரோ என்று சந்தேகம்.

முதலில் சர்வோவிலிருந்து பெல்கிராங்க் வரும் கம்பியின் நீளத்தை மாற்றி பெல்கிராங்கை நடுவில் நிறுத்த வேண்டுமா, இல்லை டை ராட்களைச் சமமாக்கிவிட்டுத் தொடங்க வேண்டுமா? மோதலில் சர்வோவைக் காக்கும் சர்வோ சேவரின் ஸ்பிரிங்கும் சற்றுத் தளர்வாகத் தெரிகிறது. அதை எவ்வளவு இறுக்கலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்ட வேண்டும்.